பிரசவ அறைக்குள் அறிவியல் நுழைந்த கதை

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியாக விளங்கும் திருக்கோகர்ணத்துக்குச் செல்பவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, பாறையைக் குடைந்து அமைக்கப்பெற்ற கோகர்ணேசுவரர் கோயில். தொண்டைமான் மன்னர்கள் தங்கள் குலதெய்வமாகப் போற்றிய பிரகதாம்பாள் இக்கோயிலில்தான் எழுந்தருளியிருக்கிறாள். மற்றொன்று, 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகம். ஆனால், இவ்வூருக்கு மூன்றாவது பெருமை ஒன்றும் உண்டு. 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் இங்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர்.

அவர் சட்டசபையில் ஆற்றிய பணியையும், தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டதையும், அவ்வை இல்லத்தை நிறுவியதையும், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்ததையும் நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். இக்கட்டுரையில் நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்த அந்நாளில், அதே திருக்கோகர்ணத்தில், வலி கண்டு பாயில் படுத்த ஒரு தாய் உயிருடன் எழுந்திருப்பாள் என்பதற்கு என்ன உறுதி இருந்தது? அவள் பெற்ற குழந்தை பத்தாம் நாளைக் காணும் என்பதற்கு என்ன உறுதி இருந்தது?

‘பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி’ என்று நம் முன்னோர் கூறியது வெறும் பேச்சன்று. உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த பாட்டி இருந்தால், அவருடைய தாயார் எத்தனை பிள்ளைகள் பெற்றார், அவர்களுள் எத்தனை பேர் தங்கினர் என்று கேட்டுப் பாருங்கள். ‘பெற்றது ஒன்பது, நின்றது நாலு’ என்பது போன்ற விடை வந்தால் வியப்பதற்கில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அத்தாய்மார்களுள் பலரைக் காப்பாற்றப் போதுமான அறிவு 1886-இலேயே உலகில் இருந்தது. முத்துலட்சுமி பிறப்பதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே அது கண்டறியப்பட்டுவிட்டது. ஆயினும், அது நம் ஊர்ப் பிரசவ அறையின் வாசலை எட்ட மேலும் பல தலைமுறைகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம்? அதை யார், எவ்வாறு குறைத்தனர்? இதுவே நம் கதை.

கை கழுவச் சொன்ன மருத்துவர்

1840-களில் ஐரோப்பாவிலுள்ள வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதல் பிரிவில் பேறுகாலத்தில் இறந்த தாய்மார்கள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. படித்த மருத்துவர்கள் பார்த்த பிரிவில் சாவு மிகுதி. மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் குறைவு! தங்களை இரண்டாம் பிரிவில் சேர்க்குமாறு கர்ப்பிணிகள் மண்டியிட்டு மன்றாடினார்களாம்.

அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இப்புதிரை விடுவிக்க முயன்றார். காற்று, உணவு, நெரிசல் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளினார். 1847-இல் அவருடைய நண்பரும் மருத்துவருமான ஒருவர், பிண அறுவையின்போது கத்தி கையில் பட்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. மருத்துவர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையுடன் பிரசவப் பிரிவுக்கு வந்தனர். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே எவரும் கர்ப்பிணியைத் தொடலாம் என்று அவர் கட்டளையிட்டார். 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. ஆனால், ‘நம் கையா சாவைக் கொண்டுவருகிறது?’ என்று பெரிய மருத்துவர்கள் பலர் சினந்தனர். அவர் வேலை நீடிக்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். 1879-இல் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சலில் வாடிய பெண்களின் உடலில் சங்கிலி போல் கோத்து நிற்கும் நுண்ணுயிர்களைக் காட்டிய பின்னரே, செம்மல்வைஸ் கூறியதன் காரணம் விளங்கலாயிற்று.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழுக்கான கை என்பது படிக்காதவர் கை என்று பொருளன்று. தூய்மை பற்றிய அறிவு எட்டாத எந்தக் கையும் அழுக்கான கையே.

நம் வீட்டு மூலை அறை

இனி நம் ஊருக்கு வருவோம். அந்நாளில் பிரசவத்துக்கென்று ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில் காற்றும் வெளிச்சமும் குறைந்த ஓர் அறை. தீட்டு என்று கருதியதால் பழைய பாய், கிழிந்த புடவை ஆகியவையே அங்கே போகும். ஊர் மருத்துவச்சி வருவாள். அவளுக்குப் பல தலைமுறை அனுபவம் உண்டு. தாயின் அச்சத்தைப் போக்கவும், இடுப்பைப் பிடித்துவிடவும், இரவெல்லாம் உடனிருக்கவும் அவளைவிட்டால் வேறு ஆளில்லை. இயல்பான பிரசவங்களை அவள் நன்றாகவே நடத்தி வைத்தாள். ஆனால், நுண்ணுயிர் என்று ஒன்று உண்டு என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

தொப்புள் கொடியை அரிவாளாலோ மூங்கிற் சிம்பாலோ அறுப்பதும், வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தன. மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியின் விதைகள் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். தொப்புள் புண் வழியாக அவை உடலுக்குள் புகுந்து, நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும். நன்றாகப் பால் குடித்த குழந்தை ஓரிரு நாட்களில் வாயைத் திறக்க இயலாமல், வில்லாக வளைந்து, உயிர் விடும். பெரும்பாலும் முதல் வாரத்தின் முடிவில் இது நிகழ்ந்ததால், ‘பேய் அடித்தது’, ‘தோஷம் பற்றியது’ என்றெல்லாம் ஊரார் பேசினர். அடித்தது பேயன்று, அறுத்த கருவிதான்.

இதற்கு மாற்று விலையுயர்ந்த மருந்தன்று. தூய்மையான கை, தூய்மையான விரிப்பு, புதிய பிளேடு, தூய்மையான கட்டுநூல், எதுவும் பூசாத தொப்புள் என்னும் ஐந்து தூய்மைகளே முதற் காப்பு. கர்ப்பிணிக்குப் போடும் ரண ஜன்னித் தடுப்பூசி இரண்டாம் காப்பு. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று, பிறந்த பின் சில மாதங்கள்வரை காக்கும். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென, அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்துவிட்டதென, 2015-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன ஆண்டிலிருந்து கணக்கிட்டால், 168 ஆண்டுகள்!

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

‘அந்நாளில் மருத்துவமனையே இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு தாய் சேய் நல மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. ஆனால், மருத்துவர்கள் யாவரும் ஆண்கள். ஆண் மருத்துவர் முன்னிலையில் பிரசவிப்பதைவிட இறப்பதே மேல் என்று எண்ணிய குடும்பங்கள் எண்ணற்றவை. கட்டடமும் மருந்தும் இருந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே ஒரு திரை தொங்கியது.

இத்திரையை விலக்கப் பெண்களே மருத்துவம் கற்க வேண்டியிருந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது சேர்ந்தவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. நம் பெண்கள் உதவியின்றிப் பிரசவத்தில் படும் துன்பத்தைக் கண்டே அவர் மருத்துவம் கற்க முற்பட்டார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் இன்று விளங்கும் மகளிர் மருத்துவமனை அவருடைய முயற்சியில் 1885-இல் பிறந்தது.

அடுத்த ஆண்டில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர்; தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பெண்களுக்கு எழுத்தறிவே மிகை என்று கருதிய காலத்தில், வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். மேலே படிக்கப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, ஆண் மாணவர்கள் பார்வையில் படாதவாறு திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பதக்கங்களுடன் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார். கோஷாப் பெண்களும் ஏழைப் பெண்களும் தயங்காமல் நாடக்கூடிய ஒரு மருத்துவர் அவர்களுக்குக் கிடைத்தார். 1925-இல் அரசின் உதவித்தொகையுடன் இலண்டன் சென்று, செல்சீ மகளிர் மருத்துவமனையில் மகளிர், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்பயிற்சி பெற்றார்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஒரு மாணவியைக் கல்லூரியில் சேர்ப்பது கல்விச் செய்தி. ஆனால், அம்மாணவி மருத்துவரானபோது, அது பல தாய்மாரின் உயிர்ச் செய்தியாயிற்று. வகுப்பறையின் திரை விலகாமல் பிரசவ அறையின் திரை விலகியிராது.

மருத்துவமனையிலிருந்து சட்டசபைக்கு

1926-ஆம் ஆண்டின் இறுதியில் முத்துலட்சுமி சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் பெண் அவரே. அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அச்சில ஆண்டுகளுக்குள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும், பள்ளி மாணவர்களுக்கு உடல்நலச் சோதனை வேண்டும், பெண்களின் திருமண வயதைக் குறைந்தது 16-ஆக உயர்த்த வேண்டும் என்றெல்லாம் அவர் வாதாடினார்.

திருமண வயதுக்கும் பிரசவத்துக்கும் என்ன தொடர்பு என்று ஐயுற வேண்டாம். பெண் உயரத்தில் வளர்ந்து முடித்த பிறகும் இடுப்பெலும்புக் கூடு சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கும். அது நிறைவதற்கு முன் பிரசவம் நேர்ந்தால், குழந்தையின் தலை வழியில் சிக்கிக்கொள்ளக்கூடும். இரண்டு மூன்று நாட்கள் வலித்தும் பிரசவம் ஆகாமல் கருப்பை கிழிந்து இறப்பவர் உண்டு. பிழைத்தாலும், சிறுநீர்ப்பை சிதைந்து ஆயுள் முழுவதும் அல்லற்படுபவர் உண்டு. ஆகவே, திருமண வயதை உயர்த்தும் சட்டமும் ஒருவகை மருந்தே. 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என்று நிறுத்தியது. 1978-இல்தான் அது 18-ஆக உயர்ந்தது.

நாடு முழுவதிலும் நிலைமை எவ்வாறு இருந்தது? விடுதலைக்கு முன் நாட்டின் நலவாழ்வை ஆராய்ந்த போர் குழு, 1946-இல் அளித்த அறிக்கையில், ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாய்மார்கள் இறப்பதாக மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சுமார் 2 இலட்சம் தாய்மார்கள்! 1937-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 162 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை என்றும் அது காட்டியது.

இதே காலத்தில் நம் அண்டை நாடான இலங்கை ஒரு வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவமாதுக்களைக் கிராமந்தோறும் அமர்த்தி வந்தது. கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவது, வீட்டுக்குச் சென்று பார்ப்பது, சிக்கல் தோன்றினால் மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவை அவர்கள் பணி. மலேரியா ஒழிப்பும் பெண் கல்வியும் உடன் சேர்ந்தன. 1950-ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 500-க்கு மேல் இருந்த பேறுகாலச் சாவு, அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுக்கொரு முறை பாதியாகக் குறைந்தது. பணக்கார நாடாக ஆன பிறகுதான் தாய்மாரைக் காக்க முடியும் என்னும் எண்ணம் தவறென்று இலங்கை மெய்ப்பித்தது.

மூன்று தாமதங்கள்

தூய்மை மட்டும் போதுமா? போதாது. பிரசவத்தில் தாய் இறப்பதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு: மிகுந்த இரத்தப் போக்கு, இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, கிருமித் தொற்று, குழந்தை வழியில் தடைபடுதல். இவை ஒவ்வொன்றுக்கும் இருபதாம் நூற்றாண்டு மாற்றுக் கண்டது. 1930-களில் சல்ஃபா மருந்துகளும், பின்னர்ப் பெனிசிலினும் பிரசவக் காய்ச்சலை அடக்கின. கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தத்தை நிறுத்தும் ஆக்சிடோசின் 1953-இல் செயற்கை முறையில் தயாரிக்கப்பட்டது. இரத்த வகைகள் 1900-ஐ ஒட்டியே கண்டறியப்பட்டதால், இரத்தம் ஏற்றுவது அச்சமற்றதாயிற்று. வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட் என்னும் மலிவான உப்பே சிறந்த மருந்து என்பது 1995-இல் பல நாடுகளில் நடந்த சோதனையால் உறுதியாயிற்று.

மருந்து இருந்தும் தாய் ஏன் இறக்கிறாள்? இதற்கு 1994-இல் ஆய்வாளர்கள் இருவர் தெளிவான விடை தந்தனர். மூன்று தாமதங்களால் அவள் இறக்கிறாள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்வதில் முதல் தாமதம். வண்டி கிடைத்துப் போய்ச் சேர்வதில் இரண்டாம் தாமதம். போய்ச் சேர்ந்த இடத்தில் மருத்துவரோ இரத்தமோ மருந்தோ இன்றிக் காத்திருப்பதில் மூன்றாம் தாமதம். பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காத இரத்தப் போக்கு ஏற்பட்டால், உதவி இல்லாத தாய் ஓரிரு மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். ஆகவே, இங்கே எதிரி நோய் மட்டுமன்று, கடிகாரமும்தான்.

தமிழ்நாடு செய்த முயற்சிகளை இம்மூன்று தாமதங்களோடு பொருத்திப் பாருங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிந்து, இரத்தச் சோகையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, எங்கே பிரசவம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய உதவுகிறார். கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் 1987-இல் தொடங்கப்பட்டது. அது யார் பெயரைத் தாங்கியுள்ளது தெரியுமா? திருக்கோகர்ணத்தில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே. அத்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கூலி வேலையை விட்டு ஓய்ந்திருக்கவும், சத்துள்ள உணவு உண்ணவும் ஏழைத் தாய்க்கு அது துணையாகிறது. இவை முதல் தாமதத்துக்கு மாற்று.

2008 முதல் ஓடும் 108 அவசர ஊர்தி இரண்டாம் தாமதத்துக்கு மாற்று. மூன்று செவிலியர் முறை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும், அறுவை மருத்துவமும் இரத்த வங்கியும் எந்நேரமும் கிடைக்கும் ‘சீமாங்’ மையங்களும் மூன்றாம் தாமதத்துக்கு மாற்று.

இவற்றைவிட அமைதியாக நடந்த ஒரு சீர்திருத்தம் பேறுகால மரண ஆய்வு. 1990-களில் தொடங்கிய இம்முறையில், ஒரு தாய் இறந்தால் அதைப் பதிவேட்டில் எழுதி மூடிவிடுவதில்லை. எப்போது வலி கண்டது, எவ்வளவு நேரத்தில் வண்டி வந்தது, எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தனர் என்று படிப்படியாக விசாரிக்கின்றனர். குடும்பத்தினரிடமும் கேட்கின்றனர். குற்றம் சாட்டுவது நோக்கமன்று. அடுத்த தாய் அதே இடத்தில் தடுமாறக் கூடாது என்பதே நோக்கம். வியன்னாவில் செம்மல்வைஸ் செய்ததும் இதுவேயன்றோ? சாவுகளை எண்ணினார், ஒப்பிட்டார், காரணம் கேட்டார்.

பயன் என்ன? 2001–03-இல் தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2007–09-இல் அது 97, 2018–20-இல் 54. இதே 2018–20-இல் இந்திய நாட்டின் சராசரி 97. நாட்டு சராசரியைத் தமிழகம் ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டது என்பது இதனால் விளங்கும். போர் குழுவின் மதிப்பீட்டை இதே கணக்கில் சொன்னால் ஒரு இலட்சத்துக்கு 2,000! அதனுடன் 54-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

தாய் பிழைத்தாள், குழந்தை? பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தைகள் இறப்பதற்கு மூன்று பெருங்காரணங்கள் உண்டு: குறைமாதமும் எடைக் குறைவும், பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. இவற்றைத் தடுப்பதிலும் பெரிய கருவிகளைவிடச் சிறிய செயல்களே மிகுதியாகப் பயன்படுகின்றன.

குழந்தை பிறந்தவுடன் ஈரத்தைத் துடைத்துத் தாயின் மார்பின்மேல் போட வேண்டும். அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நம் வீடுகளில் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் ‘சேனை’ என்று நாவில் வைப்பதும், சீம்பாலைக் கறந்து கொட்டுவதும் நெடுநாள் வழக்கம். அன்பால் செய்வதுதான், ஆயினும், மஞ்சள் நிறச் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. அதைக் கொட்டிவிட்டுச் சேனை வைப்பது, காவலாளியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

எடை குறைந்த குழந்தைக்கு விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கவலையுற்ற இரு மருத்துவர்கள், 1978-ஐ ஒட்டித் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில் ஓர் எளிய வழி கண்டனர். குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைப்பதே அது. கங்காரு முறை எனப்படும் இது இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

மகாராட்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் மேலும் ஒரு படி சென்றனர். கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, குழந்தையின் எடை பார்க்கவும், மூச்சுத் திணறலைப் போக்கவும், தொற்றின் அறிகுறிகளை அறிந்து மருந்து கொடுக்கவும் பயிற்சி அளித்தனர். அக்கிராமங்களில் பச்சிளங் குழந்தைகளின் சாவு 62 விழுக்காடு குறைந்ததை 1999-இல் வெளியிட்டனர். அறிவை எடுத்துச் செல்லத் தகுந்தவர் யார்? தாய் நம்பும், தாயின் வீட்டுக்குள் நுழையும் உரிமையுள்ள ஒரு பெண். முத்துலட்சுமி தம் வாழ்வால் காட்டிய அதே விடை.

முடியாத கதை

கதை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் தாய்மார்கள் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் இறந்தனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2030-க்குள் ஒரு இலட்சத்துக்கு 70-க்குக் கீழே கொண்டுவருவது உலக நாடுகளின் இலக்கு.

தமிழ்நாட்டிலும் குறைகள் உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆனால், அதே ஆய்வில் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. சோகையுள்ள தாய்க்குச் சிறிதளவு இரத்தப் போக்கே பேராபத்தாகும். நூற்றுக்கு 45 குழந்தைகள் அறுவையால் பிறந்தன. தேவையான இடத்தில் அறுவை உயிர் காக்கும். தேவையற்ற இடத்தில் தாயின் உடலுக்கு வீண் சுமையாகும். அன்று எட்டாமையால் துன்பம். இன்று அளவு மிஞ்சுவதாலும் துன்பம் வரக்கூடும். இரண்டையும் எண்ணிப் பார்த்து, காரணம் கேட்டு, திருத்திக்கொள்வதே அறிவியல் முறை.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கர்ப்பிணி இருந்தால், இரும்புச் சத்து மாத்திரையை அவர் உண்கிறாரா, எங்கே பிரசவம் என்று முடிவாகிவிட்டதா, நள்ளிரவில் வலி கண்டால் யாரை அழைப்பது என்று பேசிவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கால் வீக்கம், கடும் தலைவலி, கண் மங்கல், இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால், ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்ல இடந்தராதீர்கள். உங்கள் தங்கையோ தோழியோ படிப்பை நிறுத்தும் நிலை வந்தால், அவளுக்காகப் பேசுங்கள்.

அடுத்த முறை திருக்கோகர்ணம் செல்லும்போது, கோயிலையும் அருங்காட்சியகத்தையும் கண்ட பின், மூடிய வண்டியொன்று இத்தெருக்கள் வழியே மன்னர் கல்லூரிக்குச் சென்ற நாட்களையும் எண்ணிப் பாருங்கள். அவ்வண்டிக்குள் ஒரே ஒரு மாணவிதான் இருந்தாள். ஆனால், அவள் கற்றுக்கொண்டு திரும்பிய அறிவு எத்தனையோ தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரியதாக இருந்தது.